சான் வெரானோவின் சாவி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு நவம்பர் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, பியாசென்சா நகருக்குத் தெற்கே மலைச்சாலையின் கடைசி வளைவிலுள்ள நான்கு வீடுகளில் முதல் வீட்டுக்காரியான அர்மிதா, தன் கதவைப் பாதி மட்டும் திறந்து, சான் வெரானோ தேவாலயத்தின் சாவியைத் தெல்ஃபினா மல்விசீனியின் கையில் வைத்தாள். அதை வாங்கக் கை நீட்டியிருந்தவன் தெல்ஃபினாவின் கணவன் ஃபியொரென்சோ. சாவி ஒரு சாண் நீளமுள்ள இரும்பு. அதற்கு மாற்றுச் சாவி கிடையாது. கணப்பில்லாத நடையில், ஈரம் வழிந்த சுவரில், ஓர் ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்ததை மூவரும் பார்த்தார்கள். ஆயினும் சாவி சூடாக இருந்தது.

அடுப்பருகே கிடந்த பொருளின் சூடு அன்று அது. யாரோ நெடுநேரம் உள்ளங்கையில் இறுக்கி வைத்திருந்துவிட்டு, அந்த நொடியில்தான் விட்ட பொருளின் சூடு.

"என்கிட்ட குடும்மா. வண்டி ஓட்டறவன் நான்" என்றான் ஃபியொரென்சோ.

"வண்டிக்கா சாவி? கோயிலுக்கு. ஆம்பளைங்க பாக்கெட்ல போட்டுக்கிட்டு அப்படியே ஊருக்குப் போயிடுவீங்க." கிழவி தெல்ஃபினாவின் விரல்களைத் தன் விரல்களால் மடக்கினாள். "இந்தக் கை வாங்கிருக்கு. இந்தக் கையே கொண்டாந்து குடுக்கணும். வெளிச்சம் போறதுக்குள்ள."

சாவி காக்கும் கிழவிகள் எல்லா ஊர்களிலும் இப்படித்தான் பேசுவார்கள். அன்று காலை பார்த்த தேவாலயத்தின் சாவிக்காரி அடையாள அட்டையையே பிடித்து வைத்துக்கொண்டாள். ஆகவே எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சாவி சூடாக இருப்பதைத் தெல்ஃபினா சொல்லவும் இல்லை.

எதையும் சொல்லாமல் இருப்பதற்கு அவள் நன்றாகப் பழகியிருந்தாள். சென்ற குளிர்காலத்தில், ஆளில்லாத மேல்மாடியில் யாரோ நடப்பது அவள் காதில் விழுந்தது. விழுந்ததைக் கணவனிடம் சொன்னாள். அதன் பயனாக வசந்தத்தையும் கோடையையும் ஆற்றங்கரையிலுள்ள ஒரு மருத்துவ இல்லத்தில், கைப்பிடியில்லாத கதவுகளுக்குள் கழித்தாள். ஆகஸ்ட் இறுதியில் வீடு திரும்பியபோது, ஆறு வயதான மகள் நொயேமி அவளைப் பார்த்து அத்தையின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மறுபடி அம்மாவின் மடியில் உட்காரக் குழந்தைக்கு அக்டோபர் முழுவதும் தேவைப்பட்டது.

அன்று காலை, காப்பியைக் கலக்கியவாறே ஃபியொரென்சோ நிபந்தனையைச் சொல்லியிருந்தான். ஊர்ச் சுற்றுலாச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பில் இருந்த அவன், வரும் வசந்தத்தில் அச்சாகவிருந்த கார்ப்பயண வழிகாட்டிக்காக, கோட்டைகளும் தேவாலயங்களும் நிறைந்த அந்த வழியை ஒருமுறை தானே ஓட்டிப் பார்க்க விரும்பினான். அக்கா லொரெதானா படமெடுக்க வருவாள். மனைவியும் வரவேண்டும், ஊரார் அவளைக் காரில் பார்க்க வேண்டும்.

"ஆனா ஒண்ணு. அங்க யாரோ நிக்கிறாங்க, இங்க என்னமோ கேக்குதுன்னு வாயத் தொறந்தே, திங்கக்கிழமையே திரும்பக் கொண்டுபோய் விட்டுடுவேன். அப்புறம் நொயேமி அக்கா வீட்லதான் வளருவா. புரியுதா?"

"புரியுது."

"நல்லாப் புரிஞ்சுதா பாக்கலாம்" என்று சிரித்தாள் லொரெதானா.

அவள் அதைப் பார்க்கவும் செய்தாள். முற்பகலில், திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே நின்ற முதல் கோட்டையின் கோபுரத்தைக் காட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "தெல்ஃபினா, அந்தச் சன்னல்ல ஒரு பொம்பளை நிக்கிறா பாரு. வெள்ளைத் துணி."

"அங்க யாரும் இல்ல அண்ணி."

"டேய் தம்பி, தேறிட்டாடா உன் பொண்டாட்டி!"

இருவரும் சிரித்தார்கள். தெல்ஃபினாவும் சிரித்தாள். சன்னலில் யாரும் இல்லை என்பது உண்மை. எனினும் பதில் சொல்லுமுன் அவள் மிக நன்றாகப் பார்த்துவிட்டே சொன்னாள். நண்பகலில் ஒரு விடுதியில் சூப்பும், வறுத்த கஷ்கொட்டையும், புதுத் திராட்சை மதுவும் கிடைத்தன. மது தெல்ஃபினாவுக்குத் தரப்படவில்லை. அதன்பின் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவரத் தொடங்கியது. இரண்டாவது கோட்டையின் மதில் பாதிதான் தெரிந்தது. சான் வெரானோவுக்குத் திரும்பும் கிளைச்சாலையில் கஷ்கொட்டை மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்து, காரை உற்றுப் பார்த்துவிட்டுப் பின்னால் போயின.

தேவாலயம் சிறியது. சாம்பல்நிறக் கல், தாழ்ந்த கூரை, மணி இல்லாத மணிக்கூண்டு. வாசற்படியின் நடுப்பகுதி, பல நூற்றாண்டுகளாக மிதித்த கால்களால் கிண்ணம்போலத் தேய்ந்திருந்தது. அதனால் கருவாலி மரக் கதவுக்கும் படிக்கும் இடையே, ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. தெல்ஃபினா வலக்கையின் கையுறையைக் கழற்றிவிட்டு, சாவியை நுழைத்துத் திருப்பினாள். அந்தப் பூட்டு நேற்றுத்தான் எண்ணெய் போட்டதுபோல ஓசையின்றித் திறந்தது.

உள்ளே ஈரச் சுண்ணாம்பின் வாசனை, பழைய மரத்தின் வாசனை, எலிப்புழுக்கையின் வாசனை ஆகியவற்றுக்கு அடியில், இவற்றோடு சற்றும் பொருந்தாத வேறொரு வாசனையும் இருந்தது. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தவுடன் திரியிலிருந்து எழுந்து, சில கணங்கள் மட்டும் மூக்கில் நின்று மறையும் புகையின் வாசனை. தெல்ஃபினா பீடத்தைப் பார்த்தாள். ஆறு மெழுகுவர்த்திகளிலும் தூசி படிந்திருந்தது. அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஓய்!" என்று கத்தினாள் லொரெதானா. தேவாலயம் அந்த ஒலியை அப்படியே விழுங்கிவிட்டது. "ஓஓய்! என்னடா இது, எதிரொலிகூட இல்ல. செத்த கோயில்."

"போதும் அண்ணி" என்றாள் தெல்ஃபினா.

*போதும்.*

பீடத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. சற்றே தாமதமாக வந்தது; ஒரு சொல்லை வாயில் போட்டு, நாக்கால் புரட்டிச் சுவை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாற்போல வந்தது. லொரெதானா கேமராவின் பிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஃபியொரென்சோ சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். இருவர் முகத்திலும் மாற்றமில்லை. தெல்ஃபினா கையுறைக்குள் தன் நகங்களை உள்ளங்கையில் அழுத்தி, நொயேமியின் தலைமுடியிலுள்ள சோப்பு மணத்தை நினைத்துக்கொண்டு, மேற்கூரையில் தீட்டியிருந்த தேவதூதர்களைக் கவனமாகப் பார்த்தாள்.

"பனி முழுசா மூடறதுக்குள்ள பின்னாடி இருக்கற கோட்டைச் சுவரைப் படம் எடுத்துடணும்டா" என்றாள் லொரெதானா.

"சரி, நாம போவோம். தெல்ஃபினா, நீ இந்தக் கூரைப் படத்தை நல்லாப் பாத்து வை. வழிகாட்டில ரெண்டு வரி எழுதணும். அப்புறம் பூட்டிட்டு வா."

"நானும் வரேனே."

லொரெதானாவின் புருவங்கள் உயர்ந்தன. "ஏன்? தனியா இருக்கப் பயமா இருக்கா? சொல்லேன், என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. பாத்துட்டு வரேன்."

அவர்களுடைய காலடியோசை சருகுகளின்மீது சென்று, தேய்ந்து, பனியில் அமிழ்ந்தது. தெல்ஃபினா கூரையைப் பார்த்தாள். தேவதூதர்களின் முகங்களில் ஈரம் ஏறி, கன்னங்கள் உரிந்து தொங்கின. அவள் தலையைத் தாழ்த்தியபோது பீடத்தருகே ஒருவன் நின்றிருந்தான்.

வயதானவன். கணுக்கால்வரை தொங்கும் கறுப்பு அங்கி. தேவாலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளைகள் அணியும் அங்கி. அவன் முதுகைக் காட்டியவாறு, மெழுகுவர்த்தியின் திரியைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். பீடத்துக்கு வலப்புறச் சுவரில் இருந்த சிறிய பச்சைக் கதவு வழியாக அவன் வந்திருக்க வேண்டும். எந்தத் தேவாலயத்திலும் பொருள்வைப்பறைக்கு அப்படியொரு கதவு இருக்கும். எந்தக் கோயில்பிள்ளையும் ஆள் நடமாட்டம் கேட்டால் அவ்வழியாக வந்து எட்டிப் பார்ப்பான். இதில் வியக்க ஒன்றுமில்லை. இதை அவள் தனக்குத் தானே ஒருமுறைக்கு இருமுறை, வாக்கியம் பிசகாமல், சொல்லிக்கொண்டாள்.

"வணக்கம்" என்றாள்.

"வணக்கம்" என்றான் அவன். கரகரத்த, தாழ்ந்த குரல்.

"நீங்கதான் கோயில்பிள்ளையா?"

"கோயில்பிள்ளை."

"நல்ல குளிரு."

"நல்ல குளிரு." இம்முறை குரலில் கரகரப்புக் குறைந்திருந்தது.

அவன் திரும்பினான். ஆனால் அவனுக்குப் பின்னாலிருந்த சன்னலின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்ததால், முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நிழல் மட்டும் இருந்தது. தெல்ஃபினா ஓடியிருக்கலாம். ஓடினால், எதைக் கண்டு ஓடினாய் என்று வெளியே இருவர் கேட்பார்கள்.

"நாங்க கிளம்பறோம்" என்றாள். "நான் பூட்டணும்."

"நான் பூட்டணும்" என்றான் அவன். குரல் இப்போது ஓர் ஆணின் குரல் என்று உறுதியாகச் சொல்லுமளவுக்குத் தாழ்ந்ததாக இல்லை. அவன் கையை நீட்டினான்.

அந்தக் குன்றுகளில் பிறந்த எந்தப் பெண்ணும், அங்கியணிந்த கோயில்பிள்ளை கைநீட்டினால், தேவாலயத்தின் சாவியைக் கொடுத்துவிடுவாள். அவன் கேட்க, அவள் மறுப்பது மரியாதையாகாது. ஆனால் தெல்ஃபினா கொடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவன் உண்மையிலேயே இருந்தால் சாவி தன் கையைவிட்டுப் போகும். இல்லையென்றால் தரையில் விழும். இரண்டில் ஒன்று தெரிந்துவிடும்.

சாவி தரையில் விழவில்லை. அவனுடைய விரல்கள் அவளுடைய விரல்களில் பட்டன. அவை சூடாக இருந்தன.

அவளுக்கு உண்டானது அச்சமன்று, நிம்மதி. அவன் இருக்கிறான். தன் கண்ணில் பிழையில்லை. தான் கூரையின் நிறங்களை மனத்தில் குறித்துக்கொண்டு, வெளியே போய், கோயில்பிள்ளை வந்தார், சாவியைக் கொடுத்துவிட்டேன் என்று சாதாரணமாகச் சொல்லலாம். அவன் பச்சைக் கதவை நோக்கி நடந்தான். அவள் வாசலை நோக்கி நடந்தாள். அவள் அடைவதற்கு முன்பே வாசற்கதவு தானாக, மெதுவாக, மூடிக்கொண்டது. அதன்பின் பூட்டு திரும்பும் ஓசை கேட்டது. ஒருமுறை. மறுபடி ஒருமுறை.

அந்த ஓசை கதவிலிருந்து வந்தது. அவன் இருந்ததோ தேவாலயத்தின் மறுகோடியில்.

"ஐயா! நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்!"

அவள் பீடத்தை நோக்கி ஓடினாள். பச்சைக் கதவின் கைப்பிடியைப் பற்றினாள். கை வழுக்கியது. மறுபடி பற்றினாள். அங்கே கைப்பிடி இல்லை. கதவும் இல்லை. சுண்ணாம்புச் சுவரில் பச்சை வண்ணத்தால் கதவு வரையப்பட்டிருந்தது. நிழலோடு, கீலோடு, ஆணியோடு, வெறும் சுவராக இருக்க வேண்டாம் என்று எந்தக் காலத்திலோ ஓர் ஓவியன் அழகுக்காக வரைந்தது. அவன் அதற்குள் போயிருக்க முடியாது.

ஆகவே அவன் போகவில்லை.

அவள் சுவரோடு சுவராக நகர்ந்து, முதுகைக் காட்டாமல், வாசற்கதவுக்கு வந்து சேர்ந்தாள். உயரத்திலிருந்த கம்பிச் சன்னல்களில் வெளிச்சம் பால்நிறத்திலிருந்து சாம்பல்நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. இருக்கைகளுக்கு இடையே எதுவோ மரத்தில் உரசிக்கொண்டு நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது.

வெளியே சருகுகள் மிதிபட்டன.

"தெல்ஃபினா! எதுக்குக் கதவை மூடிக்கிட்டே? தொற."

"பூட்டியிருக்கு."

"சாவி உன்கிட்டதானே இருக்கு?"

நொயேமி மடியில் ஏறி உட்கார்ந்த அன்றைய பாரம், சிறிய பாரம், அவள் தொடைகளில் இருந்தது. ஆனால் இதற்கு வேறு பதில் இல்லை.

"கோயில்பிள்ளைகிட்ட குடுத்துட்டேன்."

"எந்தக் கோயில்பிள்ளை? உள்ள யாருமே இல்லையே."

"இருக்காரு. இங்கதான் இருக்காரு. என்கூட உள்ள."

லொரெதானாவின் குரல், ஏறக்குறைய இனிமையாக: "ஆரம்பிச்சுட்டா. நான் சொல்லல? திங்கக்கிழமைவரைக்கும் எதுக்குடா, இப்படியே கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம். குழந்தைக்கு என் வீட்ல ரூம் இருக்கு."

ஃபியொரென்சோ மாற்றுச் சாவி இருக்குமா என்று கிழவியிடம் கேட்கப் போனான். திரும்பி வருகையில் இன்னும் இரண்டு பேரின் காலடிகள் அவனோடு வந்தன. ஒன்று அர்மிதா. மற்றொன்று அவள் தம்பி ஒத்தொரீனோ. கொத்தனாராக இருந்து ஓய்ந்தவன். கதவின் இடுக்கு வழியாகத் தெல்ஃபினா அவன் கையிலிருந்த கோடரியைப் பார்த்தாள். கண்ணீர் வந்தது அவளுக்கு. உடைக்கப்போகிறார்கள்.

"யார்கிட்ட குடுத்தாளாம்?" என்று கேட்டாள் அர்மிதா.

"கோயில்பிள்ளைகிட்டயாம்."

"இங்க கடைசியா இருந்த கோயில்பிள்ளை எங்க அப்பா. செத்து அம்பது வருஷமாச்சு. அவரும் என் வீட்டுக் கட்டில்லதான் செத்தாரு, இங்க இல்ல." கிழவி மூச்சு வாங்கினாள். "உள்ள இருக்கறது எங்க அப்பா இல்லம்மா. எங்க அப்பா அதுக்குப் பயந்து பூட்டினவரு."

"என்னம்மா உளர்றீங்க? பெரியவரே, உடைங்க" என்றான் ஃபியொரென்சோ.

"உடைக்கறது பெரிசில்ல" என்றான் ஒத்தொரீனோ. "அதுக்கு முன்னாடி உங்க வீட்டம்மாகிட்ட ஒண்ணு கேளுங்க. அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சது எதாவது."

"எதுக்கு?"

"கேளுங்களேன்."

ஃபியொரென்சோ எரிச்சலோடு கதவில் தட்டினான். "தெல்ஃபினா! நொயேமி பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரில நான் முதல்ல என்ன சொன்னேன்?"

அவள் உடனே சொன்னாள். அதை மறந்த நாளே இல்லை.

"பொண்ணுதானான்னு கேட்டே."

"பொண்ணுதானான்னு கேட்டே."

இரண்டாவது குரல் அவளுடைய இடக்காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. எதிரொலி அன்று. தாமதம் இல்லை. ஒரே கணம். ஒரே குரல். அவளுடைய குரல்.

வெளியே ஒத்தொரீனோ கோடரியைத் தாழ்த்தினான்.

"என்னது அது?" ஃபியொரென்சோவின் குரல் மெலிந்திருந்தது. "ரெண்டு கேட்டுச்சு. அக்கா, உனக்குக் கேட்டுச்சா? ரெண்டு குரல்."

அந்தக் கொடிய நேரத்திலும் தெல்ஃபினாவின் நெஞ்சில் ஏதோ துள்ளியது. கேட்டுவிட்டான். அவனும் கேட்டுவிட்டான். முதன்முறையாக அவன் காதில் விழுந்தது. இனி எந்த மருத்துவ இல்லமும் இல்லை.

"நான்தான்!" என்று கத்தினாள். "நான்தான் ஃபியொரென்சோ!"

"நான்தான்! நான்தான் ஃபியொரென்சோ!"

"ஒருத்தி மட்டும் பேசு!"

அவள் பேசினாள். அதுவும் பேசியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவும் அடங்கியது. அவள் கதவில் தட்டினாள். பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள் தட்டின. அதே வேகம். அதே நடுக்கம். இருட்டில் அவள் பக்கவாட்டில் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"எங்க அப்பா ஒரு தடவை தொறந்தாரு" என்றாள் அர்மிதா வெளியே, ஊர்ச் செய்தி சொல்வதுபோல. "சித்தப்பா உள்ள மாட்டிக்கிட்டாரு. பாசம். தொறந்துட்டாரு. ரெண்டு சித்தப்பா வெளிய வந்தாங்க. ரெண்டு பேரும் அழுதாங்க. அன்னிக்கு எங்க வீட்ல எட்டுப் பேரு. காலைல மிஞ்சினது அப்பாவும் நானும் இவனும்தான்."

"அப்புறம் எதுக்கு எங்களுக்குச் சாவி குடுத்தே, கிழவி?"

"கேட்டீங்க, குடுத்தேன். ஆண்டவர் கோயில், கேட்டா குடுக்கணும்னு சாமியார் சொல்லியிருக்காரு. எத்தனையோ பேரு வாங்கிட்டுப் போயிருக்காங்க. எவரும் அதை இன்னொரு கையில குடுக்கல."

தெல்ஃபினா தரையில் படுத்தாள். ஒரு வழி இருந்தது. குரலை நம்பமாட்டார்கள், கையை நம்புவார்கள். இடக்கையின் கையுறையைக் கழற்றினாள். திருமண மோதிரம். ஃபியொரென்சோ அதை வாங்கியபோது அளவு பிசகி, இறுகி, விரலில் தழும்பு உண்டாக்கியிருந்தது. தேய்ந்த படிக்கும் கதவுக்கும் இடையே கையை நுழைத்தாள். மணிக்கட்டுவரை. வெளிக்காற்று பட்டது. ஈரச் சருகு பட்டது.

லொரெதானா அலறினாள்.

அவ்வளவு தூய்மையான அலறலை அவளிடமிருந்து தெல்ஃபினா கேட்டதில்லை.

"ரெண்டு" என்றாள் லொரெதானா. "டேய், ரெண்டும் இடது கை. ரெண்டுலயும் மோதிரம் இருக்குடா."

தெல்ஃபினாவின் இடத்தோளோடு ஒரு தோள் ஒட்டியிருந்தது. கம்பளிக் கோட்டு. அவளுடைய கோட்டின் அதே துணி.

காலடிகள் நெருங்கின. மண்டியிடும் ஓசை. அவள் விரல்களை அகல விரித்துக் காத்திருந்தாள். ஃபியொரென்சோ தொட்டான். தொட்டது அவளை அன்று.

"இது சூடா இருக்கு" என்றான் அவன், அழுகையோடு. "உயிருள்ள கை. இதுதான் அவ."

"மத்தது?" என்றாள் அர்மிதா.

ஒரு விரல்நுனி தெல்ஃபினாவின் கையில் பட்டு, உடனே விலகியது. "சில்லுன்னு இருக்கு."

"கல்தரையில இவ்வளவு நேரம் கிடந்தா மனுசக் கை சில்லுன்னுதான் இருக்கும். சூடா இருக்கறத விட்டுட்டு எழுந்திருங்க. மெதுவா."

அவன் எழுந்தான். தெல்ஃபினா கேட்டுக்கொண்டிருந்தாள். அறிந்துகொண்டார்கள். சரியானதை அறிந்துகொண்டார்கள். தன் சில்லிட்ட கையை அவள் அசைத்தாள். நான், நான், நான்.

"அப்போ இவதான். தெரிஞ்சுபோச்சு. இவளை மட்டும் வெளிய எடுக்க முடியாதா?" என்றான் ஃபியொரென்சோ.

"யார் யாருன்னு தெரிஞ்சு என்ன பண்றது?" என்றான் ஒத்தொரீனோ. "கதவு ஒண்ணுதானே இருக்கு."

கோடரியின் தலை கல்லில் சாய்த்து வைக்கப்படும் ஓசை.

"கட்டின புருஷன் நீங்க. நீங்கதான் சொல்லணும்" என்றாள் அர்மிதா. "உடைக்கச் சொன்னா இவன் உடைப்பான். நாங்க கீழ இருக்கற ஊருக்குப் போயிடுவோம். நீங்க ரெண்டு பேரையும் வண்டில ஏத்திக்கிட்டுப் போகலாம்."

"வேண்டாம்டா தம்பி" என்றாள் லொரெதானா. "வேண்டாம்டா. வீட்ல குழந்தை இருக்கு."

தெல்ஃபினா மூச்சை நிறுத்தினாள். பக்கத்திலிருந்த மூச்சும் நின்றது.

"ஆமா" என்றான் ஃபியொரென்சோ. "வீட்ல குழந்தை இருக்கு."

"நொயேமி" என்றாள் அவள்.

"நொயேமி" என்றது அது. அவளைவிடச் சற்றே அன்பாக.

அதன்பின் அவர்கள் தாழ்ந்த குரலில், ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகப் பேசி முடிவு செய்தார்கள். கதவுக்கு இப்பால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. கதவை உடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது வழக்கமில்லையென்றாலும், மறுநாள் காலையிலேயே ஒத்தொரீனோ கல்லும் சுண்ணாம்பும் கொண்டுவந்து வாசலை முழு உயரத்துக்கு அடைத்துவிடுவது. கூரை இடிந்து விழும் நிலையில் இருந்ததால் அடைத்ததாகப் பங்குசாமியாருக்குச் சொல்வது. சான் வெரானோவை விட்டுவிட்டு, கிளைச்சாலையையும் வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டு, வழிகாட்டியை அச்சுக்குத் தருவது. தெல்ஃபினாவின் நோய் திரும்பிவிட்டது, அவள் இரவில் எங்கோ இறங்கிப் போய்விட்டாள் என்று ஊராரிடம் சொல்வது. அதை எவரும் சந்தேகிக்கமாட்டார்கள். அம்மா மருத்துவ இல்லத்துக்குத் திரும்பிவிட்டாள் என்று குழந்தையிடம் சொல்வது. நொயேமி அன்றிரவு முதல் லொரெதானாவின் வீட்டில் உறங்குவது. இவை முடிந்தபின், அப்போதும் படியின்மேல் அருகருகே கிடந்த இரண்டு கைகளையும் குறித்து ஒத்தொரீனோ கேட்டான். அவை தாமாக உள்ளே போகாவிட்டால், முதல் வரிசைக் கல்லை வைக்குமுன், இரண்டையும் விளக்குமாற்றுக் கட்டையால் உள்ளே தள்ளிவிடுவது என்று முடிவாயிற்று.